ஓர் எச் எழுத்தும் 275 ரூபாயும்

தம்பி டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தது 2023 பொங்கல் முடிந்த அடுத்த வாரம். சின்னம்மா மகன். எனக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது, அதனால் அவன்தான் தம்பி. பேராவூரணிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி மன்னார்குடியில் இருக்கும் என் இ-சேவை மையத்துக்கு வந்திருந்தான். வழியில் பட்டுக்கோட்டையில் எத்தனையோ பிரவுசிங் சென்டர் இருக்கிறது. அக்கா கையால் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தான்.

வாட்ஸ்அப்பில் மூன்று கோப்பு அனுப்பினான். பாஸ்போர்ட், விசா, டிக்கெட். மூன்றையும் நான்தான் திறந்தேன். விசாவில் தெளிவாக இருந்தது: சுற்றுலா, 60 நாள். துபாய்க்கு டிக்கெட் போக வர இரண்டுக்கும் போட்டிருந்தது. வரும் டிக்கெட் ஏர்போர்ட்டில் காட்டுவதற்கு மட்டும்தான், ஆள் உள்ளே போனதும் ஏஜென்ட் கேன்சல் செய்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். மாதத்துக்கு நாலைந்து பேருக்காவது அந்த மாதிரி பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.

"விசிட்லயாடா போற?"

"ஆமாக்கா. போனதும் கம்பெனி விசாவுக்கு மாத்திருவாங்களாம். ஏஜென்ட் எல்லாம் பாத்துக்கிறேன்னுட்டாரு."

"சரி, பத்திரமா போயிட்டு வா" என்றேன். கலர் பிரிண்ட். காசு வாங்கவில்லை.

அந்தச் "சரி"யைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவன் ஏன் போனான் என்று கேட்டால், கஜா என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். 2018 நவம்பர் 16 விடியற்காலை அந்தக் காற்று அடித்து முடித்தபோது சின்னம்மா தோப்பில் 140 தென்னையில் நின்றது 11. புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம். கன்றுக்கு வாங்கிய கடன் அதற்குள் காய்த்துவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், கம்பி கட்டும் வேலை தெரியும். ஏஜென்டுக்கு ஒன்றேகால் லட்சம் கொடுத்தான். அதுவும் கடன்தான்.

போன 41ஆம் நாள் சாரத்திலிருந்து விழுந்தான்.

ராத்திரி பத்தரைக்குக் கூட இருந்த மலையாளிப் பையன் சின்னம்மாவுக்குப் போன் செய்து, அவர்களுக்குப் பேச்சு புரியாமல், என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பையன் நிதானமாகப் பேசினான். "சேச்சி, பாஸ்போர்ட் காப்பி வேணும். விசா காப்பி வேணும். இங்கே கம்பெனிக்காரர் இவரு எங்க ஆளே இல்லைன்னு சொல்றாங்க."

சின்னம்மா வீட்டில் எந்தக் காப்பியும் இல்லை. டிரங்குப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். கல்யாணப் பட்டு, நகை அடமான ரசீது, ஏஜென்டின் விசிட்டிங் கார்டு. கார்டில் மூன்று போன் நம்பர் இருந்தது, லைசென்ஸ் நம்பர் இல்லை. மூன்றும் ஸ்விட்ச் ஆஃப். பாஸ்போர்ட்டின் அசல் துபாயில் யாரிடம் இருக்கிறது என்று தெரியாது.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் கடை ஷட்டரைத் தூக்கினேன். கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், நூற்றுக்கணக்கான ஆதார், சாதிச் சான்று, சிட்டா நகல்களுக்கு நடுவில், மூன்று கோப்பும் அப்படியே கிடந்தன. வாரா வாரம் அழிக்க வேண்டும் என்று நினைப்பேன், அழிக்க மாட்டேன். என் சோம்பேறித்தனத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

வெளியுறவு அமைச்சகம் 2015-இல் ஆரம்பித்த மதத் என்ற தளம் இருக்கிறது. இந்தியில் உதவி என்று அர்த்தம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்குச் சிக்கல் என்றால் அவரோ, ஊரில் இருக்கும் வீட்டாரோ அதில் புகார் பதியலாம். அது நேரே அந்த நாட்டில் இருக்கும் நம் தூதரகத்துக்கோ துணைத் தூதரகத்துக்கோ போய்ச் சேரும். அதுவரைக்கும் அதை நான் மற்றவர்களுக்காக இரண்டு தடவை திறந்திருக்கிறேன், இரண்டும் சம்பளப் பாக்கி. "இறந்தவரின் உடலைக் கொண்டுவருதல்" என்கிற வகையைத் தேர்ந்தெடுப்பது அதுதான் முதல் தடவை. பாஸ்போர்ட் எண் போடாமல் அந்தப் படிவம் நகராது. அந்த எண் கையில் இருந்ததால் ஒரு மணிக்குள் பதிந்து முடித்தேன். புகார் எண் வந்தது. அதை மலையாளிப் பையனுக்கு அனுப்பினேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அரசாங்கம் எதுவும் செய்யாது, எல்லாம் கண்துடைப்பு என்று டீக்கடையில் பேசுவோமே, நானும் பேசியிருக்கிறேன். மறுநாள் காலையில் துணைத் தூதரகத்திலிருந்து போன் வந்தது. தமிழிலேயே பேசினார்கள். வேலை விசாவில் இருந்திருந்தால் உடலை அனுப்பும் செலவு முதலாளியுடையது, விசிட் விசாவில் வந்தவருக்கு முதலாளி என்று காகிதத்தில் யாரும் இல்லை, குடும்பத்தால் முடியாது என்று எழுதிக் கொடுத்தால் இந்திய சமூக நல நிதியிலிருந்து செய்வோம் என்றார்கள். செய்தார்கள். போலீஸ் விசாரணை, தடயவியல் பரிசோதனை, சோனாப்பூரில் உடலைப் பதப்படுத்துவது, பாஸ்போர்ட்டை ரத்து செய்வது, தடையில்லாச் சான்று என்று ஒவ்வொன்றாக முடிந்து, 11ஆம் நாள் திருச்சி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் பெட்டியை வாங்கினோம். எங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அந்த நிதி எங்கிருந்து வருகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 2009-இல் உண்டாக்கியது. வெளிநாட்டில் நம் ஆட்கள் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சான்றொப்பம் வாங்கவும் போகும்போது கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் சின்னத் தொகைதான் அதில் சேர்கிறது. ஆக, தம்பியை ஊருக்கு அனுப்பி வைத்தது அங்கே அவனைப் போலவே கம்பி கட்டுகிறவர்களும் கார் ஓட்டுகிறவர்களும்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பதினாறாம் நாளுக்கு மறுநாள், தம்பி பெண்டாட்டி என்னிடம் வந்து, "அண்ணி, இன்சூரன்ஸ்னு ஏதோ வருமாமே" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு வயிறு கலங்கியது.

பத்தாவது பாஸ் செய்யாதவர்களுடைய பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று போட்டிருக்கும். குடிபெயர்வு அனுமதி தேவை என்று அதற்கு அர்த்தம். அந்த பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போவதானால், 1983 சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். வளைகுடா நாடுகள், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். இந்த அனுமதிக்கென்று அரசு வைத்திருக்கும் இ-மைக்ரேட் தளத்தில் முதலாளி பெயர், சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் ஏற வேண்டும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு எடுப்பது கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக உடல் ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். அதற்குப் பிரீமியம் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. வரி தனி.

சுற்றுலா விசாவில் போகிறவருக்கு இந்த அனுமதி எதுவும் வேண்டாம். சுற்றுலாப் பயணிக்கு எதற்குத் தொழிலாளி காப்பீடு? அந்த ஓட்டையில்தான் ஏஜென்ட் பிழைக்கிறார். முறையான வழியில் போனால் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. தம்பி கொடுத்தது ஒன்றேகால் லட்சம். நாலு மடங்கு கொடுத்து, 275 ரூபாயையும் 10 லட்சத்தையும் விட்டுவிட்டுப் போனான். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது நான்.

அவளுக்கு என்ன பதில் சொல்ல? "பாக்கலாம்மா" என்றேன்.

பார்க்க இருந்தது ஒன்றுதான். அங்கே வழக்கு போட்டு நஷ்டஈடு கேட்பது. அதற்கு அவள் பெயரில் அதிகாரப் பத்திரம் போக வேண்டும். நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று முத்திரை மேல் முத்திரை. அதற்கு முன்னால் வாரிசுச் சான்று. அங்கிருந்து வந்த இறப்புச் சான்று அரபியில், கூட ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு. அரபியில் "ப" ஒலிக்கு எழுத்து கிடையாது. எங்கள் சித்தப்பா பெயரின் முதல் எழுத்து அரபிக்குப் போய்த் திரும்பி வந்ததில், பேப்பருக்குப் போடும் பி, பேங்க்குக்குப் போடும் பி-யாக மாறியிருந்தது. தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அப்பா வேறு ஆள்.

அது போதாது என்று அவளுடைய பெயரில் ஓர் எச். ஆதாரில் எச் இல்லை. ஸ்மார்ட் கார்டில் உண்டு. பிள்ளையின் பிறப்புச் சான்றில் உண்டு. பேங்க் பாஸ்புக்கில் இல்லை. தம்பியின் பாஸ்போர்ட் 2014-இல் எடுத்தது, கல்யாணம் 2017-இல். கடைசிப் பக்கத்தில் மனைவி பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டு, நானூறு பேர் மொய் எழுதிய கல்யாணம். பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்தக் கல்யாணத்தையும் பதிய வேண்டும். அதற்கு இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இல்லையே.

ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், "வெளிநாட்டில் இறந்தால் நாங்கள் எப்படி விசாரிப்பது?" என்று கேட்டார்கள். இன்னோர் இடத்தில் மொய் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, நாங்கள் கொண்டுபோனோம். இரண்டு பெயரும் ஒருத்திதான் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்தோம், ஏற்கவில்லை. கடைசியில் ஆதாரைத் திருத்தி எச் சேர்த்து, அதை வைத்து பேங்கில் திருத்தி, அப்புறம் வாரிசுச் சான்று வாங்கி, பத்திரம் துபாய் போய்ச் சேர ஏழு மாதம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இதில் எனக்கு உறைத்தது இதுதான். வெளிநாட்டில் இருக்கிறவனை அரசாங்கம் முகத்தை வைத்து அறிவதில்லை, காகிதத்தை வைத்துத்தான் அறிகிறது. காகிதம் சரியாக இருந்தால் அதற்குக் கை உண்டு, கால் உண்டு, பதினோரு நாளில் பெட்டியைக் கொண்டுவந்து சேர்க்கும். காகிதம் இல்லையென்றால் ஆள் போனதே அதற்குத் தெரியாது. எங்கள் ஊர்ப்பக்கம் இது நேற்று வந்த விஷயமும் இல்லை. அப்பாயி எந்த வெளிநாட்டையும் அக்கரைச்சீமை என்றுதான் சொல்வாள். அவளுடைய மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். அதற்கும் முந்தின தலைமுறையைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். தலைக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் ஏற்றினார்கள். 1922-இல் குடிபெயர்வுச் சட்டம் போட்டார்கள், மலாயாவில் இந்திய அரசின் ஏஜென்ட் என்று ஓர் அதிகாரியை வைத்தார்கள், 1938-இல் தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தினார்கள். நூறு வருஷமாக ஏதோ ஒரு சட்டம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பக்கவாட்டில் ஏதோ ஒரு படகும்.

மூத்தாரின் பேத்தி இப்போது ஈப்போவில் இருக்கிறாள். போன வருஷம் வந்தபோது அவளும் என் கடையில்தான் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை வாங்க வேண்டும், அதற்கு முன்னோர் இந்தியாவில் பிறந்ததற்குச் சான்று வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் பிறப்புச் சான்றா கொண்டுபோனார்? அட்டை கிடைத்தால் தாத்தாவின் வயலைத் திரும்ப வாங்கலாமா என்று கேட்டாள். அதுவும் முடியாது. ஓசிஐ அட்டைக்காரர் விவசாய நிலம் வாங்கக்கூடாது, ஓட்டும் கிடையாது. அவ்வளவு ஏன், இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் குடியிருப்பவருமே நஞ்சை வாங்கக்கூடாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் 13 வருஷமாக இருக்கிறார். நாங்கள் வாங்கிய மூன்று மா நிலம் என் பெயரில் இருப்பதற்கு அதுதான் காரணம். அன்பு என்று அவர் சொல்லிக்கொள்வார்.

சிங்கப்பூர் அந்த 18 நாட்டுப் பட்டியலில் இல்லை. அதனால் அவருக்கு இ-மைக்ரேட்டும் கட்டாயமில்லை, 275 ரூபாய்க் காப்பீடும் கட்டாயமில்லை. அங்கே சட்டம் கொஞ்சம் கறார், வேலையில் அடிபட்டால் முதலாளியின் இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் நம் பக்கத்திலிருந்து அவருக்கு என்ன இருக்கிறது என்று தேடியபோதுதான் மாநில அரசின் அயலகத் தமிழர் நல வாரியம் கண்ணில் பட்டது. 18 முதல் 55 வயது வரை சேரலாம், பதிவுக் கட்டணம் 200 ரூபாய். விபத்துக் காப்பீடு, பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு உதவி என்று திட்டங்கள். கேரளத்தில் இதற்கென்று நோர்க்கா என்ற துறையை 1996-லேயே வைத்துவிட்டார்கள். தம்பியோடு இருந்த மலையாளிப் பையன் சட்டைப் பையில் அந்த அடையாள அட்டை இருந்ததாம், காப்பீட்டோடு. ஒரே அறை, ஒரே சாரம், அவனுக்கு அட்டை உண்டு, இவனுக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் வேறொரு கதை சொல்வார். அங்கே ஞாயிற்றுக்கிழமை கூடும் பிலிப்பைன்ஸ் பெண்களிடம் கேட்டால், 25 அமெரிக்க டாலர் கட்டினால் இரண்டு வருஷத்துக்கு அவர்கள் நாட்டு நல அமைப்பில் உறுப்பினர் என்பார்களாம். அவர்களுக்கு வெளிநாட்டிலிருந்தே ஓட்டுப் போடவும் 2003-இல் சட்டம் வந்துவிட்டது. நமக்கு 2010-இல் சட்டத்தைத் திருத்தி, படிவம் 6ஏ கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகச் சேரலாம் என்றார்கள். ஓட்டு மட்டும் ஊருக்கு நேரில் வந்து போட வேண்டும். ஒரு ஓட்டுக்காக லீவும் டிக்கெட்டும் எடுத்து வருவதற்கு இவர் என்ன எம்.எல்.ஏ.வுக்கு மாமனாரா?

2025 ஜனவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த அயலகத் தமிழர் நாளுக்கு ஈப்போக்காரியோடு போயிருந்தேன். மத்திய அரசு ஜனவரி 9ஆம் தேதியை வைத்திருக்கிறது, காந்தி 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்த நாள். நம்முடையது 12, பொங்கலை ஒட்டி. கூட்டம் நன்றாக இருந்தது. பல நாட்டுத் தமிழர்கள், தொழிலதிபர்கள், மருத்துவர்கள். வேர்களைத் தேடி என்ற திட்டத்தில் வெளிநாட்டில் பிறந்த இளைஞர்களைக் கூட்டிவந்து ஊர் ஊராகக் காட்டுகிறார்கள், நல்ல காரியம். ஈப்போக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி 2023-24-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணம் 11,870 கோடி டாலர், அதில் நூற்றுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அந்தப் பத்து ரூபாயில் ஒரு பகுதி என் கடையில் கோந்து ஒட்டிய கவரோடு வரிசையில் நிற்கிறவர்கள் சம்பாதித்தது. அவர்களுக்கு ஜனவரியில் லீவு கிடைப்பதில்லை.

2024 ஜூன் 12. எங்களுக்கு அந்தத் தேதி மேட்டூர் திறக்கும் தேதி. அந்த வருஷம் அணையில் தண்ணீர் இல்லை, திறக்கவில்லை. குறுவை போச்சே என்று பேசிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்த செய்தி வந்தது. இறந்த இந்தியர்கள் நாற்பது பேருக்கு மேல், அதில் 7 பேர் தமிழர்கள். இரண்டாம் நாளே விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. நம் மாநிலத்து அமைச்சர் போய் நின்று ஆம்புலன்ஸில் அவரவர் ஊருக்கு அனுப்பினார். அரசாங்கம் நினைத்தால் எவ்வளவு வேகம் என்று டீக்கடையில் வியந்தார்கள். நான் வேறு மாதிரி பார்த்தேன். அத்தனை பேரும் ஒரு கம்பெனியின் பட்டியலில் இருந்த ஆட்கள்.

அடுத்த வாரம் என் கடையில் பெண்கள் கூட்டம். புருஷன் சவூதியில், மகன் கத்தாரில், "அந்த வாரியத்துல சேத்து விடுக்கா". மே 15இலிருந்து மூன்று மாதத்துக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது என்று வேறு அறிவித்திருந்தார்கள். பதிந்து பதிந்து கை ஓய்ந்தது. கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பாட்டி வந்தார்கள். அவர்கள் ஊரில் வெளிநாடு போவதைப் பயணம் என்றுதான் சொல்வார்கள். "மவன் பயணத்துல இருக்கான், அவன் எங்க இருக்கான்னு இதுல எளுதும்மா" என்றார்கள். எந்த நாடு என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒட்டகம் இருக்குற ஊரு" என்றார்கள். போனில் மகனைப் பிடித்துக் கேட்டு எழுதினேன்.

அப்போதிருந்து என் கடையில் ஒரு வழக்கம். வெளிநாட்டு டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருகிறவர்களைக் கொஞ்சம் உட்கார வைத்துவிடுவேன். முதலில் விசா எந்த வகை என்று படித்துச் சொல்வேன். வேலைக்குப் போகிறவர் விசிட் விசா வைத்திருந்தால் தம்பி கதையைச் சொல்வேன். ஏஜென்டின் பதிவு எண்ணை வாங்கி இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்ப்பேன். பதிவு இருக்கிறதா, இல்லை உரிமம் முடிந்துவிட்டதா என்று அதில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளமும் ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றா என்று கேட்பேன். பாதிப் பேருக்கு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, ஆங்கிலத்தையும் அரபியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பெயர் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் கண்டிப்பு. புருஷன் பாஸ்போர்ட், பெண்டாட்டி ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்று மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்கச் சொல்வேன். இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறதா, எச் இருக்கிறதா, ஏ ஒன்றா இரண்டா. ஆளிருக்கும்போது ஒரு எழுத்தைத் திருத்த ஐம்பது நூறு ரூபாய் ஆகும், ஆள் போன பிறகு ஏழு மாதம் ஆகும். கல்யாணத்தைப் பதியாதவர்கள் லீவில் வரும்போதாவது சார்பதிவாளர் அலுவலகம் போய் விசாரித்துப் பதிந்துவிட வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது மனைவி பெயரைச் சேர்த்துவிட வேண்டும், அதற்குத் தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கவர். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள், வாரிய அட்டை, முதலாளி போன் நம்பர், கூடத் தங்கியிருக்கும் ஒருவர் நம்பர். வீட்டில் இருக்கிறவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஆளோடு விமானம் ஏறிவிடக்கூடாது. அரிசி டப்பாவுக்குள் வையுங்கள் என்று சொல்வேன், அதைத்தான் தினம் திறப்பார்கள்.

எல்லாரும் கேட்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். போன மாதம் ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், பைக்கில் வந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சுற்றுலா, 60 நாள். போக வர டிக்கெட்.

"என்ன வேலைக்குத் தம்பி போறீங்க?"

"ஸ்கஃபோல்டிங்குக்கா."

"உக்காருங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றேன். கேட்டான். தம்பி கதையை முழுதாகக் கேட்டான். ஏஜென்ட் நம்பரைக் கேட்டபோது முகம் மாறியது. "இல்லக்கா, நேரமாச்சு, நாளைக்கு ஃபிளைட்டு. பிரிண்ட் மட்டும் குடுங்க." இன்றைக்கே ஏஜென்டிடம் பேசலாம், தேதியைத் தள்ளலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டான். பைக்கை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இருக்கும் கடைக்குப் போய் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கலர் பிரிண்ட்தான், கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அவன் அனுப்பிய மூன்று கோப்பும் என்னிடம் இருக்கிறது. டவுன்லோட்ஸிலிருந்து எடுத்து, பயணம் என்று பெயர் போட்ட தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன்.